அம்மா கவிழ்த்த மருந்து

சண்டிலிப்பாயில் எங்கள் அப்பா வீட்டாரின் குடற்பூச்சி மருந்துக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரால் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. எனக்கு அவர்களைவிடக் கூட. காயவைத்த பப்பாசிக்கொட்டையையும் வேப்பங்கொழுந்தையும் அம்மியில் அரைத்து, பனங்கட்டித் தண்ணீரில் கரைத்து, காலையில் வெறும் வயிற்றில் மூங்கில் குழலால் ஆட்டுக்குப் பருக்குவார்கள். அயலவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றால், உள்ளே அழைத்து வருவது நான்தான். மருந்தையே நான் கண்டுபிடித்த மாதிரி முன்னால் நடப்பேன்.

ஊர் ஆடெல்லாம் சுகமாகி எழும்ப, என்னுடைய மறியாடு படுத்துவிட்டது. மாமா எனக்கென்றே தந்த இளம் பெட்டை ஆடு அது. கழிச்சல் நிற்கவில்லை, தாடைக்குக் கீழே நீர் கட்டித் தொங்கியது. அப்பா அதன் கண்ணிமையை விரித்துப் பார்த்துவிட்டு, குடல் நிறையப் பூச்சி என்றார். நான் அழ, கையில் மருந்து இருக்க அழுகை என்னத்துக்கு என்று அதட்டிவிட்டு அரைக்கப் போனார்.

நான் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா குழலை எடுக்கத் திரும்பிய நேரம் அம்மா குசினியில் சமையலை விட்டு வந்து, மருந்துச் சட்டியைத் தூக்கி வாழையடியில் கவிழ்த்துவிட்டார்.

“சினைப்பட்ட ஆட்டுக்கு உது குடுக்கப்படாது.”

கிடாயிடம் விட்டுக் கொஞ்ச நாள்தானே, சினையோ இல்லையோ யாருக்குத் தெரியும் என்றார் அப்பா. மருந்தில்லாவிட்டால் ஆடே போய்விடும் என்றார். கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்.

“ஒண்டும் ஆகாதெண்டுதான் அண்டைக்கும் உங்கடை ஆக்கள் சொன்னவை.”

அப்பா குழலை வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அவர் அம்மாவிடம் தோற்றதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா பூசினி விதையையும் உள்ளிப் பல்லையும் அரைத்து, கஞ்சித் தண்ணீரில் கலந்து, காலைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வந்து பார்த்துவிட்டு, கறிக்குப் போடுவதெல்லாம் மருந்தோ என்று சிரித்தார். அம்மா அடுத்த மிடறைப் பருக்கினார். ஆடு செத்துவிடுமோ என்று நான்தான் பயந்து செத்தேன். மெல்ல மெல்லக் கழிச்சல் நின்றது. ஒரு காலை அது எழுந்து நின்று என் கையிலிருந்த பூவரசங்குழையை இழுத்துத் தின்றது.

அது இரட்டைக் குட்டி ஈன்றது. என் அம்மாவுக்கு ஆட்டின் வயிற்றுக்குள் இருப்பதுகூடத் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். குட்டிகளைத் துடைக்கும்போது அம்மா அழுதார். அப்பாவை வென்ற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, என் வயிற்றில் மகள் இருந்த காலத்தில் மாமியே ஒருநாள் சொன்னார். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை தங்கியிருந்ததாம். அது தெரியாத தொடக்கத்தில், வயிற்றுப் பூச்சிக்கென்று இதே மருந்தை மாமிதான் கரைத்துக் கொடுத்தாராம். வயிற்றில் பிள்ளையோ என்று தனக்குச் சந்தேகம் என அம்மா சொல்லியும், ஒன்றும் ஆகாது என்று குடிக்க வைத்தாராம். பிள்ளை நிற்கவில்லை, கலைந்துவிட்டதாம்.

அந்த மருந்தை நான் ஊரெல்லாம் பெருமையடித்த காலம் முழுக்க, அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருநாளும் என் வாயை அடக்கவில்லை.