பனி தள்ளுகிறவனுக்கு ஒரு வாரம் விடுமுறை

என் தம்பி ஹல்வோர் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். எங்கள் நெஸ்தால் பள்ளத்தாக்கிலிருந்து ஸ்கார்வ் மலையைத் தாண்டி மேற்கே போகும் சாலையில், நவம்பர் முதல் மே வரை, அவன் ஓட்டாத நாள் குறைவு. காற்று ஓங்கினால் சாலையின் இரு முனைகளிலும் கேட்டை இறக்கிவிடுவார்கள். கார்கள் வந்து வரிசையாக நிற்கும். பிறகு ஹல்வோர் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு முன்னால் புறப்படுவான். முன்னால் போகும் காரின் பின்விளக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மற்றக் கார்கள் எல்லாம் தொடரும். வானம் எது, தரை எது என்று தெரியாது. அவன் போவதே வழி.

மலையைக் கடந்ததும் அவன் நேரே காப்பி குடிக்கப் போய்விட மாட்டான். கீழ் கேட்டருகே இறங்கி நின்று, கடக்கிற ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்ப்பான். ஒரு முறை இடையில் ஒரு கார் வரவில்லை. திரும்ப ஏறிப்போய், பனிப்புயலில் நடந்து தேடிக் கண்டுபிடித்தான். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். பிள்ளைகளை லாரிக்குள் தூக்கி வைத்துத் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து அழைத்து வந்தான். அந்தப் பிள்ளைகளில் மூத்தவளுக்கு இப்போது சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் கிறிஸ்துமஸுக்கு அவளிடமிருந்து வாழ்த்து வரும். என் வீட்டுக்குத்தான் வரும். அவன் தன் முகவரியைக் கொடுக்காமல் போய்விட்டான். தேடிப்பிடித்து என்னுடையதைக் கொடுத்தவள் நான்.

பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வந்ததும் நாடே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குடில்களுக்குக் கிளம்பும். கார் கூரையில் சறுக்குக் கட்டைகள், பின்னால் நாய், நடுவில் ஆரஞ்சுப் பழப் பை. அத்தனை பேரின் விடுமுறையும் ஹல்வோரின் லாரிக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அவனுக்கு விடுமுறை அதற்கப்புறம், மார்ச்சில். அவன் மனைவி லிவ் அந்த வாரம் தோழியோடு கானரித் தீவுக்குப் பறந்துவிடுவாள். "வருஷம் பூரா பனி, லீவுலயும் பனியா? எனக்கு வெயில் வேணும், நான் போறேன்" என்பாள். அவன் போனதில்லை.

"அங்க அவ்வளவு மணலைப் பாத்தா எனக்குத் தள்ளணும்னுதான் தோணும்" என்பான்.

ஆகவே எங்கள் அப்பா கட்டிய குடிலுக்கு நானும் அவனும் போவோம். சாலையில் காரை விட்டுவிட்டு, சாமான்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாக வெகுதூரம் சறுக்கிப் போகவேண்டும். மின்சாரம் கிடையாது. தண்ணீருக்குப் பனியை அள்ளிப் பானையில் உருக்க வேண்டும்.

இந்த ஆண்டு போனபோது கதவின் மேல்சட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. ஹல்வோர் முதுகுப் பையைக் கூடக் கழற்றவில்லை, மண்வெட்டியை எடுத்துவிட்டான்.

"குடு, நான் வெட்றேன்" என்றேன்.

"நீ வெட்டினா ஓரமெல்லாம் அங்குலம் அங்குலமா நேராக்கிட்டு நிப்பே. உள்ள போறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்."

"கோணலா வெட்டி வெச்சா, நாளைக்கு நீயே அதுல தடுக்கி விழுவே."

"சரிங்க மேஸ்திரி."

சிரித்தான். ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனதும் பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரு காலணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு மற்றதை அவிழ்க்காமல் அப்படியே இருந்தான். நான் அடுப்பு மூட்டி, உலர்ந்த ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும் எடுத்து வைத்து, படுக்கைகளை உதறி விரித்து முடித்தேன். அந்தக் கயிறு அப்படியே இருந்தது.

ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. பள்ளத்தாக்கில் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஓர் இடம் காலியாகிறது. பகல் வேலை, கூரைக்குக் கீழே. அதை அவனுக்குத் தருவதாக டெப்போ பொறுப்பாளர் அஸ்லாக் சொல்லியிருந்தார். விடுமுறை முடிவதற்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். லிவ்தான் புறப்படுவதற்கு முன் என்னிடம் சொன்னாள். "நீங்க சொன்னா கேப்பான், சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சொல்ல மனமில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பெரிய படிப்புப் படிக்கவில்லை. நான் பால் பண்ணையில் பாத்திரம் கழுவியே ஓய்வு பெற்றேன். ஊர்க் கடையில் 'ஹல்வோரின் அக்கா' என்று யாராவது சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். பட்டறையில் எண்ணெய் மாற்றுகிறவனின் அக்கா என்று யார் சொல்லப் போகிறார்கள்?

மறுநாள் வெயில். சறுக்கிக்கொண்டு ஏரி வரை போனோம். எதிரே ஒரு குடும்பம் வந்தது. கீழே ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடப் பேசாதவர்கள் மலையில் எல்லாரையும் நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர் ஹல்வோரை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அந்த மஞ்ச விளக்கு? போன மாசம் புயல்ல எங்களைக் கூட்டிட்டு வந்தீங்களே! கீழ கேட்டுல கண்ணாடி வழியா எட்டிப் பாத்தீங்க. என் மாமியாருக்கு அன்னிக்கிலேருந்து நீங்கதான் சாமி."

"அப்படியா? மாமியாரைக் கொண்டுவந்து சேத்ததுக்கு உங்க கோபம் தீந்துச்சா?" என்றான் ஹல்வோர். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரு காரைக்கூட மேல விட்டுட்டு வந்ததில்லை என் தம்பி. ஒரு தடவைகூட வழி தப்பினதில்லை" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் ஹல்வோர் அங்கே இல்லை. குச்சிகளை ஊன்றிப் பனியில் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பியது. குடிலின் மேற்குச் சுவர் முனகத் தொடங்கியது. ஹல்வோர் எழுந்து, சன்னலருகே போனான். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். குடிலுக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. அதன் உச்சியில்தான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டிக் கூனி நிற்பவனைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது புருவமெல்லாம் வெள்ளை.

"கேட்டை இறக்கிட்டாங்க. ராக்னாதான் முன்னாடி போறா."

ராக்னா அவனுக்கு அடுத்தபடியாக ஓட்டுகிறவள். நல்ல கெட்டிக்காரி.

"அவகிட்ட பேசினியா?"

"பேசினேன். 'அங்க காப்பி இருக்கா?'ன்னு கேட்டா. இருக்குன்னேன். 'அப்ப போய்க் குடிங்க, என் லாரிக்கு நான் இருக்கேன்'னு வெச்சுட்டா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா. குடி."

ஊற்றிக் கொடுத்தேன். ஆட்டுப்பால் சீஸைச் சீவி ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். கடிக்கவில்லை. மேசையில் சீட்டுக்கட்டைப் போட்டுப் பிரித்தேன். எடுக்கவில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"பட்டறை வேலைக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

"லிவ் சொல்லிட்டாளா?"

"அவ சொல்லாம வேற யாரு?"

குவளையைத் தள்ளி வைத்தான்.

"ரோட்டு ஓரத்துல கம்பு நட்டிருப்பாங்கல்ல" என்றான். "எல்லாம் மூடிப்போனாலும் அந்தக் கம்பு தெரியும். வலப்பக்கம் வெச்சு அதையே பாத்துட்டுப் போவேன். ஜனவரில ஒரு நாள், பின்னாடி பெரிய வரிசை. கண்ணை மூடித் தொறந்தேன் அக்கா. தூங்கினேனா என்னன்னு தெரியல. தொறந்தா, கம்பு இடப்பக்கம் இருக்கு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கம்பு இடப்பக்கம் இருந்தால் லாரி சாலையில் இல்லை. அந்தப் பக்கம் சரிவு.

"அப்புறம்?"

"பனி கெட்டியா இருந்துச்சு, தாங்கிருச்சு. மெதுவா வளைச்சு உள்ள கொண்டாந்தேன். அத்தனை காரும் என் பின்னாடியே வெளிய போய், என் பின்னாடியே உள்ள வந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியல. நான் போறதுதானே அவங்களுக்கு ரோடு? கீழ வந்து எட்டிப் பாத்தேன். ஒரு பொண்ணு எனக்குச் சாக்லேட் குடுத்தா."

"யார்கிட்ட சொன்னே?"

"இப்ப உங்கிட்ட."

நான் காப்பிக் குவளையின் அடியைத் துடைத்தேன். மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"நீ கடைத்தெரு பூரா சொல்லிட்டுத் திரியறியே, என் தம்பி வழி தப்பினதே இல்லைன்னு" என்றான். "இப்ப வேலையை விட்டா ஏன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவே?"

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் போயிருந்தது. தாடையில் ஒரு நரம்பு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. பட்டறையோ மலையோ, ஊர் என்னை எப்படிக் கூப்பிடும் என்பதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை.

"எல்லாரையும் கொண்டுவந்து சேத்தான், அப்புறம் எறங்கிட்டான்னு சொல்லுவேன். அது பொய்யா?"

"பொய் இல்லை."

"அடுத்த தடவை பனி தாங்கலைன்னா அதைச் சொல்ல முடியாது. எறங்குடா."

"அஸ்லாக்கிட்ட கம்பு விஷயத்தையும் சொல்லணும்."

"அது உன் இஷ்டம்."

"இல்லை, சொல்லணும். ராக்னா இப்ப தனியா ஓட்டிட்டிருக்கா. ஒரே ஆளை அவ்வளவு நேரம் வண்டியில உக்கார வெக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லணும்."

மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டான். காற்று குறைந்ததும் போகலாமே என்றேன், கேட்கவில்லை. மேட்டின் மேல் நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது தெரிந்தது. வெகுநேரம் அவனே பேசினான். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"என்ன சொன்னாரு?"

"எல்லாத்தையும் கேட்டாரு. அப்புறம் 'எனக்கும் ஒரு தடவை ஆயிருக்கு'ன்னாரு."

"அவருக்கா?"

"அதனாலதான் மலையை விட்டு எறங்கினாராம். நான் ஏதோ பதவி உயர்வுன்னு நெனச்சு அன்னிக்கு அவருக்குப் பூங்கொத்து வாங்கிக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது, ஆனால் சிரிப்பதற்குள் அது கொட்டாவியாகிவிட்டது.

"வேலை?"

"ஏப்ரல்லேருந்து பட்டறை. அதுவரைக்கும் ரெண்டு பேரா போகச் சொல்லிட்டாரு. ராக்னாவுக்கும் இன்னிக்கே ஒரு ஆளை மேல அனுப்பறாராம்." பெஞ்சில் உட்கார்ந்தான். "லிவ்கிட்ட சொல்லணும். மறுபடி மேட்டுக்குப் போகணும்."

"அவ வெயில்ல கெடக்கா, கெடக்கட்டும். சாயங்காலம் சொல்லிக்கலாம். படு."

பெஞ்சில் அப்படியே சாய்ந்தான். நான் கம்பளியைக் கொண்டு வருவதற்குள் வாய் திறந்து தூங்கிவிட்டான். வெளியே காற்று இன்னும் இறங்கவில்லை. பனி சன்னலைப் பாதிக்குமேல் மூடிவிட்டது. மத்தியானம் கூரையிலிருந்து ஒரு பெரும் பனிப்பாளம் சரிந்து, குடிலே அதிரும்படி விழுந்தது.

அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் அடுப்பில் இன்னொரு கட்டையை, சத்தம் கேட்காமல், வைத்தேன்.