நூறு வாட்டும் அடுப்புச் சுவரும்

1994 டிசம்பர் 18, ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வராந்தா வெப்பமானியில் நான்கு டிகிரி. மழை இல்லை, புல்லில் உறைபனி. உறைந்திருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினேன். ஆறு மணிக்குக் காப்பி. ஆறேகாலுக்கு மீன் தொட்டியைப் பார்த்தேன்: பத்தொன்பது டிகிரி.

நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் இதுவரைதான் மையில், நேர்வரிசையில் இருக்கிறது. கீழே உள்ளதெல்லாம் பென்சிலில், அவசரமாக, கூட்டலும் வகுத்தலுமாகக் கிறுக்கியது. ஒரு மீன் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்று நான் கற்றுக்கொண்ட நாள் அது.

குன்னூரிலிருந்து ஊட்டி பெர்ன்ஹில்லுக்குக் குடிவந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. தேயிலைக் கம்பெனியில் பதவி உயர்வு கொடுத்து என்னை ஊட்டி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு அது நல்ல செய்தி. என் மனைவிக்கு ஏழு வருடப் பழக்கமும், பக்கத்து வீட்டுச் சிநேகிதிகளும், முப்பத்திரண்டு பூந்தொட்டிகளும் குன்னூரிலேயே நின்றுவிட்டன. லாரியில் இடமில்லை என்றேன்; மறுக்காமல் பூந்தொட்டிகளைத் தானம் செய்தாள். ஒன்றை மட்டும்தான் கேட்டாள். மீன் தொட்டி வர வேண்டும். கோயமுத்தூரில் அவள் தேர்ந்தெடுத்து வாங்கிய இரண்டு ஏஞ்சல் மீன்கள் அதில் இருந்தன. அவள் விரலைக் கண்டால் மேலே வரும்.

வந்து எட்டு நாள் கழித்து அவை மேலே வருவதை நிறுத்தின. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, அடியில் கூழாங்கல்லின் மேல் ஒருக்களித்துக் கிடந்தன. மூன்று நாளாக இரை எடுக்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஹீட்டர் பழுது என்று முடிவு கட்டினேன். அளவு தவறியிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அளந்தவன் நான். நீளம் எழுபத்தைந்து சென்டிமீட்டர், அகலம் முப்பத்தைந்து, தண்ணீர் உயரம் முப்பத்தைந்து. கல்லும் மணலும் கழித்தால் எண்பத்து நான்கு லிட்டர். லிட்டருக்கு ஒரு வாட் என்று கோயமுத்தூர் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் நூறு வாட்டே வாங்கினேன். குன்னூரில் இரண்டு குளிர்காலம் தண்ணீர் இருபத்தாறில் அசையாமல் நின்றது. எல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

சுவிட்சை அணைத்து, சூடு ஆறக் கால் மணி நேரம் விட்டு, ஹீட்டரை வெளியே எடுத்துத் துண்டில் சுற்றினேன்.

"ஏனுங்க, குன்னூர்ல அடுப்புச் சுவத்தோரமா வெச்சிருந்தோம்ல," என்றாள்.

"சுவரு என்ன ஹீட்டரா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஊட்டி கடைவீதியில் மீனும் மின்சாதனமும் சேர்த்து விற்கும் பாய் ஒருவர் இருந்தார். ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி மின்சாரம் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் கழித்து என் விரலைப் பிடித்து ஹீட்டரின் கண்ணாடிக் குழாயோரம் வைத்தார். வெதுவெதுப்பு.

"இது நல்லாத்தான் இருக்குங்க சார். ஊட்டுக்குள்ள எத்தனை டிகிரி?"

"தொட்டி எண்பத்து நாலு லிட்டர் பாய்."

"ஸ்வெட்டர் வாங்க வர்றவரு எடையச் சொன்னா எப்படிங்க? எந்த ஊருக்குப் போறீங்கன்னுல்ல கேக்கோணும். லிட்டர் கணக்கு கோயமுத்தூர் கணக்கு சார். அங்க ஹீட்டருக்கு மார்கழியிலதான் வேலை. இங்க மே மாசமும் டூட்டி."

"குன்னூர்ல இதே ஹீட்டர்தானே போதுமா இருந்துச்சு?"

"குன்னூர் இதவிடக் கீழ. அதுவும் போக, தொட்டி எங்க இருந்துச்சு?"

"ஹாலுல, சுவரோரமா."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் சமையலறை. விடிகாலையிலிருந்து படுக்கப்போகும்வரை விறகு எரியும் மண் அடுப்பு. மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் நாற்காலியை விட்டுவிட்டு, தரையில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவோம். என் அலுவலகக் காலுறைகள் அதில்தான் காய்ந்தன. பருப்பு வேகும் வாசனை அதன் வழியாகவே ஊறி வருவதுபோல இருக்கும். ஏழு வருடம் அதில் சாய்ந்திருந்தும், அதற்கென்று நாட்குறிப்பில் ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. வராந்தா, மழை, தொட்டித் தண்ணீர் என்று மூன்று கட்டங்கள். வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

பாய் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். கீழ் வீட்டுக்காரரை அழைத்து, மனைவியைக் கூப்பிடச் சொன்னேன்.

"வராந்தாவுல இருக்கற தெர்மாமீட்டர ஹாலுல மாட்டிப் பாத்துச் சொல்லு."

"நீங்க கெளம்பினதுமே மாட்டிட்டனுங்க. பதினொண்ணு."

"தொட்டி?"

"ஹீட்டரத் தூக்கிட்டுப் போயிட்டு தொட்டியக் கேக்கறீங்களாக்கும். பதினேழுக்கு எறங்கிருச்சு. வெந்நீர்ப் பையை மெதக்க உட்டிருக்கறேன். சீக்கிரம் வாங்க."

பாய் என் பென்சிலைக் கேட்டார். நான் தரவில்லை, கொண்டுபோயிருந்த நாட்குறிப்பில் நானே கணக்குப் போட்டேன். அறை பதினொன்று. நூறு வாட் தண்ணீரைப் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தது. அதாவது எட்டு டிகிரி ஏற்றியது. வேண்டியது இருபத்தாறு, பதினைந்து டிகிரி ஏற்றம். அப்படியானால் நூற்று எண்பத்தேழரை வாட்.

"இருநூறுல ஒண்ணு கொடுங்க."

"வேண்டாங்க. அது ஆஃப் ஆகாம ஒட்டிக்கிச்சுன்னா மீன் கொழம்புதான். இன்னொரு நூறு வாங்கிப் போடுங்க. ஒண்ணு ஒட்டினாலும் கொதிக்காது, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்கும். சாயங்காலமானா இங்க கரண்டு டல்லடிக்கும். மூணு பக்கமும் தெர்மாகோல் ஒட்டி, மேல கண்ணாடி போட்டு மூடிருங்க. ஒரேயடியா ஏத்தாதீங்க, மெதுவா." பிறகு ரசீதைக் கிழித்தபடி கேட்டார்: "சுவத்தப் பத்தி ஊட்டுல யாரும் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் ரப்பர் பையை எடுத்துவிட்டு வேறு வெந்நீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். முன்கையில் மீன் தண்ணீர் வழிந்தது. நான் தெர்மாகோலை வெட்டினேன்; அவள் ஒட்டினாள். இரண்டு ஹீட்டர்களையும் இரு மூலைகளில் பொருத்தினோம். மதியம் இருபது, நான்கு மணிக்கு இருபத்தொன்று, விளக்கு வைக்கும்போது இருபத்திரண்டு. இரவுக்கு ஹீட்டர்களை இருபத்து நான்கில் திருகி வைத்தேன். மீன்கள் கல்லைவிட்டு எழவில்லை.

"அடுப்புச் சுவரு என்ன ஹீட்டரான்னு கேட்டீங்களே," என்றாள் சாப்பிடும்போது. "எத்தனை வாட்டுங்க அது?"

"அளக்காம விட்டுட்டேன்," என்றேன். பதினொரு நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள். குன்னூர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தச் சுவரோரம் எதை வைத்திருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் பேசினோம். பீரோவாக இருக்கும் என்றேன். வீணாப் போச்சு என்றாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்தபோது அவள் எனக்கு முன்பே தொட்டியெதிரே முக்காலியில் கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள். விரல் கண்ணாடியில் இருந்தது. ஒரு மீன் அந்த விரலுக்கு நேராக மேலே வந்து நின்றது. மற்றது துடுப்பை விரித்துப் பாதி உயரத்தில் தயங்கியது.

"இருபத்தி நாலுங்க," என்றாள் திரும்பாமல்.

ஹாலுக்கு மாறியிருந்த வராந்தா வெப்பமானியை நான் பார்க்கவில்லை. தொட்டி வெப்பமானியைக் குனிந்து பார்க்கவும் இல்லை. நாட்குறிப்பைத் திறந்து, அவள் சொன்ன இருபத்து நான்கை முதலில் எழுதினேன்.