கேட்டுக்கு வெளியே நின்ற கொத்தனார்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பூச்செடிகளைச் சுற்றி அலங்கார சிமெண்ட் கரை கட்டியவர் அந்தக் கொத்தனார். கருணாபுரத்துக்காரர், ஒல்லி, முழங்கைவரை சிமெண்ட் வெளுத்த கைகள். கரைமேல் போட்ட கோணியை ஏழு நாளும் தானே வந்து நனைப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. நானும் சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ளே வாங்க" என்றேன்.

"தீட்டுங்க. நேத்து எம் பையன் செத்துப்பூட்டான். நீங்களே தண்ணி ஊத்துங்க, காஞ்சா வெடிச்சிடும்."

குழாயைப் பிடித்தேன். "அந்த மூலை இன்னும் நனையலைங்க" என்று கம்பி வழியே கைகாட்டிக்கொண்டிருந்தார். கோணி முழுக்க நனைந்ததும் போய்விட்டார்.

கரையில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. பையனுக்கு என்ன வயது என்றுகூட நான் கேட்கவில்லை.