ஐயா நிரப்பிய கிணறு

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் அம்மாவையும் என்னையும் கூட்டிப் போக வந்து நின்ற ஐயாவின் காதுமடலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அப்பாவை எங்கள் பக்கத்தில் ஐயா என்றுதான் அழைப்போம். அதுவரைக்கும் நான் அறிந்திருந்த ஐயா வேறொரு ஆள். வருடத்தில் மூன்று தடவை லீவில் யாழ்ப்பாணம் வருவார். கோட்டுப் போட்டிருப்பார், நகக்கண்ணில்கூட ஊத்தை இராது, சாய்வுக்கதிரையில் இருந்து பேப்பர் படிப்பார், நான் பக்கத்தில் போனால் எத்தனையாம் வகுப்பு என்று கேட்பார். போன லீவிலும் அதையேதான் கேட்டிருப்பார். அந்த மனிதர் காதில் சுண்ணாம்போடும் பெருவிரலில் துணிச்சுற்றோடும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "வீடு முடிஞ்சுது" என்பதுதான் அவர் எங்களைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை. பிரயாணம் எப்படி, சாப்பிட்டீர்களா என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த ஆண்பிள்ளைக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம், அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு ஊரில் வீடு என்பது அன்றைக்கு எழுதாத சட்டம். ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். அதற்குச் சமறி என்று பெயர். ஐயா கலியாணம் கட்டிப் பதினொரு வருடமும் சமறியில்தான் இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவரோடு நான் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறியிருக்காது. கொழும்புக்கு வந்துவிடும்படி அவர் ஒவ்வொரு லீவிலும் அம்மாவைக் கேட்பார். அம்மாவும் ஒவ்வொரு லீவிலும் ஒரே மறுமொழிதான் சொல்லுவார். கிணறு இல்லாத ஊரில் மனிசர் குடியிருக்க முடியுமா?

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒரு வளவின் மதிப்பே அதன் கிணற்றில் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். பெண்ணைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவதற்கு முன்பு தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குழாய்த் தண்ணீரை அம்மாவால் நம்ப முடியவில்லை. எங்கே ஊறியது, யார் அள்ளியது, எந்த வழியால் வந்தது என்று தெரியாத தண்ணீரில் எப்படி உலை வைப்பது என்று கேட்பார். 

கடைசியில் ஐயா ஒரு வீட்டை வாங்கினார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தண்டவாளத்துக்கு இப்பால் இருந்த பழைய வீடு. ஓய்வுபெற்ற பறங்கி எஞ்சின் டிரைவர் ஒருவர் நாற்பது வருடம் அதில் குடியிருந்தாராம். ரயில் போகும் சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு நித்திரை வராதாக்கும். கூரையில் பாதி ஓடு இல்லை. குசினிக் கதவு நிலையைக் கறையான் தின்று, மேலே பூசிய வர்ணம் மட்டும் நிலைபோல நின்றது. யன்னல்களுக்கு வர்ணத்தின் மேல் வர்ணம் அடித்து அடித்து அவை திறக்க முடியாமல் ஒட்டிப் போயிருந்தன. புத்தியுள்ளவன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகக்கூடிய வீடுதான். ஆனால் பின்வளவில் கோழிக்கூட்டுக்குக் கீழே தகரம் போட்டு மூடிய ஒரு கிணறு இருப்பதை ஐயா கண்டுவிட்டார். மற்ற அறைகளை அவர் சரியாகப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மூன்று மாதம் சனி ஞாயிறு எல்லாம் அந்த வீட்டிலேதான் கிடந்தார். கூட ஒரு சிங்கள மேசன். கொழும்பில் எல்லா மேசனும் தச்சனும் பாஸ்தான் என்பதால் அவருக்கும் எங்கள் வீட்டில் பாஸ் என்பதே பெயராயிற்று. ஐயாவின் கடிதங்கள் மாறிப் போயின. சுகம், சுகமறிய ஆவல் என்று இரண்டு வரி எழுதுகிறவர், ஓடு மாற்றிய கதையையும் கதவு இழைத்த கதையையும் பக்கம் பக்கமாக எழுதினார். வீட்டின் படத்தைக் கீறி, கிணறு இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு அனுப்பினார். அம்மா அந்தப் படத்தைப் பல நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். பிறகு, சித்திரை லீவுக்கு ஒரு மாதம் வந்து இருந்து பார்க்கிறேன், தண்ணீர் ஒத்துவந்தால் மேற்கொண்டு யோசிப்போம் என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நடுக்கூடத்தில் ஒரு நிமிடம் நின்றார். பின்கதவால் இறங்கி நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். புதுக் கயிறு, புதுக் கப்பி, புது வாளி. வாளியை ஆழமாக விடவேண்டாம், இன்னும் அடியில் கலங்கல் இருக்கிறது என்று ஐயா பின்னாலேயே போய்ச் சொன்னார். அம்மா மேலாக ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். வாய்க்குள் சற்று நேரம் வைத்திருந்துதான் விழுங்கினார். பள்ளிக்கூடச் சோதனை மறுமொழிக்குக் காத்து நிற்கும் பொடியன் மாதிரி ஐயா பக்கத்தில் நின்றார். "நல்ல தண்ணிதான்" என்றார் அம்மா.

அந்த மாதத்தைப் போல ஒரு மாதம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்பும் புதுப் பலகையும் மணந்தன. கூடத்துச் சுவருக்குப் பறங்கிக்காரர் றோஸ் நிறம் அடித்திருந்தார். ஐயா மூன்று தரம் வெள்ளை பூசியும் அது பின்னேர வெயிலில் எட்டிப் பார்த்தது. அது இருக்கட்டும், சுவருக்கும் வெட்கம் இருக்கும்தானே என்று அம்மா சொல்லிவிட்டார். குளியலறையில் ஆள் படுத்துக் குளிக்கும் ஒரு பீங்கான் தொட்டி இருந்தது. தன் ஊத்தையில் தானே ஊறிக் கிடப்பது என்ன குளிப்பு என்று கேட்டு, அம்மா அதில் தேங்காய்களை அடுக்கி வைத்தார். அதைவிட நல்ல களஞ்சியம் எங்களுக்கு ஊரிலும் இருந்ததில்லை. பின்னேரம் ஐந்தரை ரயிலில் ஐயா வந்து இறங்குவார். நான் ஒழுங்கை முகப்புக்கு ஓடுவேன். தகப்பன் என்பவர் தினமும் வீட்டுக்கு வருகிற ஆள் என்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. எத்தனையாம் வகுப்பு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மாம்பழத்தை அறுத்து, கொட்டையை எனக்குத் தந்துவிட்டு, தான் தோலைச் சூப்புவார்.

வந்து ஐந்தாறு நாள் இருக்கும். விடியப்புறம் எழும்பிப் பின்கதவால் போனேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் குனிந்து நின்றார். முன்வாசல் குழாயிலிருந்து ஒரு றப்பர்க் குழாய் வீட்டைச் சுற்றி வந்து அவர் கைக்குள்ளால் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உலகத்தில் எல்லோரும் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க, என் தகப்பன் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

நடந்தது இதுதான். கோழிக்கூட்டைத் தூக்கிக் கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கியபோது ஐந்தடித் தண்ணீர் இருந்தது. சர்க்கரைபோல நல்ல தண்ணீர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு ஐந்தடித் தண்ணீர் ஒரு கிணறா? எட்டிப் பார்த்தால் தலை சுற்றவேண்டும், அதுதான் கிணறு. இன்னும் மூன்றடி தோண்டு என்றார். கடல் கிட்ட இருக்கிறது மாத்தயா, எப்பா, வேண்டாம் என்று பாஸ் சிங்களத்திலும் தமிழிலும் மன்றாடினாராம். கிணறு வெட்டுவதை எனக்குச் சொல்லித் தர வருகிறாயோ என்று ஐயா கேட்டாராம். தோண்டி முடித்த மறுநாள் கடல் உள்ளே வந்துவிட்டது. தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதற்குள் பாஸ் வருடப் பிறப்புக்குத் தன் ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் ரயில் ஏற இரண்டே நாள். அப்போதுதான் ஐயாவின் மூளையில் இந்த யோசனை உதித்தது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் என்பது ஊரில் கரையோரம் இருக்கிற எவருக்கும் தெரியும். வாளியை ஆழ விடாதே என்று அவர் சொன்னதன் பொருள் அது.

"கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை" என்று ஐயா கெஞ்சினார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் சொல்லுவேனா? அன்றிலிருந்து தினமும் விடியப்புறம் அவரோடு எழும்பி, றப்பர்க் குழாய் மடியாமல் பிடிப்பது என் வேலையாயிற்று. அம்மா குழாய்த் தண்ணீரில் முற்றம் மட்டும் கழுவிவிட்டு, கிணற்றிலிருந்து அதே குழாய்த் தண்ணீரை அள்ளிச் சோறு காய்ச்சினார். பொய் சொல்லுவது பாவம் என்று எனக்குத் தெரியும். அம்மா ஊருக்குத் திரும்பிப் போனால் ஐந்தரை ரயிலுக்கு நான் ஓட முடியாது என்பதும் தெரியும். இரண்டில் எது பெரிது என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது குழாய் நின்றுவிட்டது. வீதியில் எங்கேயோ உடைப்பு என்றார்கள். முதல்நாள் கிணற்றில் மேலே மிதந்ததை வைத்துச் சமாளித்தோம். இரண்டாம் நாள் ஐயா வெளிறிப்போன முகத்தோடு கந்தோருக்குப் போனார். பத்து மணிக்கு அடுப்பில் வைத்த பருப்பு பன்னிரண்டு மணிக்கும் அவியவில்லை. அம்மா அகப்பையால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குழறி அழுது எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். பின்னேரம் நான் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, ஊரிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டி கட்டிலுக்கு மேலே திறந்து கிடந்தது. அம்மா அதற்குள் கையை விட்டு எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிறார் என்றே நினைத்தேன். அன்று ஐந்தரை ரயிலுக்கு நான் ஓடவில்லை. மெல்லத்தான் நடந்து போனேன். ஒழுங்கை முழுக்க அழுதுகொண்டே ஐயாவுக்குச் சொன்னேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்தார்.

அம்மா வழக்கம்போலத் தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்து வீட்டார் பிடித்து வைத்திருந்ததில் வாங்கிய தண்ணீர். ஐயா குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எத்தினை அடி தோண்டினியள்?" என்று அம்மா கேட்டார்.

"மூண்டு."

"நாளைக்குப் பாஸ் வந்திடுவார் எண்டு சொன்னனீங்கள். மூண்டடிக்கும் ஆத்து மண்ணைக் கொட்டச் சொல்லுங்கோ. ஒரு மாசம் அள்ளாமல் விட்டால் உப்பு இறங்கும்."

ஐயா நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லையா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவே சொன்னார். "எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். கிணத்துத் தண்ணிக்குக் குழாய் மணம் எங்காலை வாறது?"

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீர்?"

அம்மா என் பக்கம் திரும்பி, என் தலைமயிரை ஒதுக்கிவிட்டபடி சொன்னார். "யன்னலாலை பாத்துக்கொண்டு கிடந்தன். பதினொரு வருசத்திலை, விடியப்புறம் எழும்பி நீங்கள் என்ன செய்வியள் எண்டு நான் எப்பவாவது கண்டனானே? பிள்ளையும் நீங்களுமாய் நிண்டதைப் பாக்க எனக்கு நல்லாயிருந்தது. சொன்னால் விட்டுடுவியள்."

ஐயா தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணிச் சூட்டின்மேல் பழியைப் போட்டார். பாஸ் வந்து மண் கொட்டியதும், ஆடி பிறக்க முன்பு தண்ணீர் திரும்பியதும், அந்தத் தண்ணீரில் நான் படித்து வளர்ந்து கலியாணமும் கட்டியதும் பிறகு நடந்தவை. இப்போது அந்த ஒழுங்கையில் ஏழு மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. என் பேத்தி போத்தலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள். எங்கே ஊறியது என்று அவள் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

அன்றைக்குத் தகரப் பெட்டிக்குள் அம்மா தேடியது கடிதத் தாளைத்தான் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது. விளக்கேற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டு இருத்தி, ஊரில் இருக்கும் மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆட்டுக் குட்டிகளை விற்றுவிடவும். வீட்டைப் பூட்டித் திறப்பை நீயே வைத்திரு. குசினியில் இருக்கும் அம்மியையும் குழவியையும் சாக்கில் சுற்றிச் சாமான் ரயிலில் போட்டு அனுப்பிவிடவும். என் பேனை அந்த இடத்தில் நின்றது. ஒரு மாத லீவுக்கு யாரும் அம்மி கொண்டு வருவதில்லை.

விறாந்தையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "அம்மி சரியான பாரமெல்லே. ஸ்டேசனிலை இருந்து இஞ்சை எப்பிடித் தூக்கிக்கொண்டு வாறது?"

"ஒரு கிணத்தையே நிரப்பின ஆளுக்கு அம்மி ஒரு பாரமே?" என்று கேட்டுவிட்டு, அம்மா என்னைப் பார்த்து, "நீ எழுது, பிள்ளை" என்றார்.