கல் சுமந்தவரின் முகம்

நெடுந்தீவில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் காலத்தைப் பற்றி எடுத்த குறும்படத்துக்கு, வரலாறு எழுதுபவன் என்பதால், காலப்பிழை பார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். கூலியில்லாமல் கோட்டைக்குக் கல் சுமந்தவர்களாக நடிக்க ஐந்து பேரைப் பிடிக்கத்தான் வசதி இருந்தது. தலைப்பாகையை மாற்றி மாற்றிக் கட்டி, குனிந்தபடி திரும்பத் திரும்ப நடந்தால் ஐந்து பேர் ஐம்பது பேராகத் தெரிவார்கள். முகம் மட்டும் தெரியக்கூடாது.

அவர்களில் ஒருவர் மாடு வளர்ப்பவர். மெலிந்து, தாடி நரைத்திருந்தார். கமராவுக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து நேராகப் பார்த்தார்.

"அண்ணை, கதாநாயகன் எண்ட நினைப்போ?" என்று இயக்குநர் கத்தினார். மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சண்டைக் காலத்திலை மகனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், ஐயா. பிறகு ஒரு தகவலும் இல்லை. இந்தப் படம் ஃபோனிலை எல்லா நாட்டுக்கும் போகுமாம். எங்கையாவது இருந்தால் என்னைக் காணட்டும்."

படத்தைத் தொகுத்தபோது அவர் நிமிர்ந்த காட்சி ஒன்று மிஞ்சியிருந்தது. கல் சுமப்பவர் கமராவைப் பார்ப்பது பிழை என்று, பழக்கதோஷத்தில், நான்தான் குறித்துக் கொடுத்தேன். வெட்டிவிட்டார்கள்.

படம் வெளிவந்த பிறகு, நெடுந்தீவுக்குப் படகு புறப்படும் குறிகாட்டுவான் இறங்குதுறையில் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ரை முகம் வந்ததோ, ஐயா?"

"ஓம்."

"எத்தினையாவது நிமிஷம்? மகளின்ரை ஃபோனிலை பாக்கோணும்."

ஆதாரம் இல்லாமல் ஒரு திகதிகூட எழுதாதவன் நான். "ஏழாவது" என்றேன்.

"ஏழாவது, ஏழாவது" என்று முணுமுணுத்தபடி படகில் ஏறினார். அந்த ஒரு நிமிடத்தை எத்தனை தடவை ஓட்டித் தேடினாரோ, எனக்குத் தெரியாது.