கொழும்பு–திருச்சி: ஆகாயத்தில் இரண்டு மணி நேரம்

கொழும்பிலிருந்து குளச்சலுக்குப் பிளேனில் வரலாமா என்று கேட்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். வரலாம். 1953 ஆனியில் நான் வந்தேன். எப்படி வரக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு கருவாட்டு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தேன். அப்பாவுக்குக் கடைசி நிலை, உடனே வா என்று அண்ணன் சூசையின் தந்தி வந்தது. ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில் என்று வந்தால் மூன்றாம் நாள்தான் வீடு. அதனால் ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பிளேனுக்குச் சீட்டு எடுத்தேன். ‘நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பிளேனில் இறங்குகிறேன்’ என்று பதில் தந்தி அடித்தேன். எங்கள் தெருவில் அதுவரை எவனும் பிளேன் ஏறியதில்லை. அப்பா சாகக் கிடக்கும்போதும் அந்தச் சொல்லை எழுதுவதில் எனக்கு ஒரு பெருமை. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

காலை ஐந்துக்கு அறையைப் பூட்டினேன். இரத்மலானை விமான நிலையம் எட்டு மைல். ஏழு மணிக்குப் பிளேன் கிளம்பியது. திருச்சிக்குச் சுமார் 275 மைல், இரண்டு மணி நேரம். காதில் வைக்கப் பஞ்சு தருவார்கள், வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். கீழே கடலில் வள்ளங்கள் புளியங்கொட்டை அளவில் தெரிந்தன. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரப் பத்தரை. பதினொன்றரை ரயிலைப் பிடித்து, திருநெல்வேலியில் இறங்கும்போது மாலை ஏழரை. நாகர்கோவில் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் ஐந்து மணி பஸ்ஸில், கொஞ்சம் விரட்டக்கூடாதா என்று டிரைவரிடம் கெஞ்சினேன். “ஆரல்வாய்மொழிக் காத்துல வண்டி நவுருறதே பெரிய காரியம், மக்கா,” என்றார். நாகர்கோவில் வரை ஐம்பது மைலுக்கு இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பதின்மூன்று மைல் நின்று நின்று வந்து, குளச்சல் சேரும்போது ஒன்பது.

வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அப்பா முந்தின நாள் காலை பத்தரைக்கே போய்விட்டார். அடக்கத்தை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அப்பா போன நேரத்தில் அண்ணனும் வீட்டில் இல்லை. என்னை அழைத்துவர, விடியுமுன்பே வாடகைக் காரில் திருவனந்தபுரம் போயிருந்தான். எங்கள் கடற்கரையில் பிளேன் இறங்கும் ஊர் என்றால் அது ஒன்றுதான். தந்தியில் நான் ஊர்ப்பெயரே எழுதவில்லை. பகல் ஒரு மணி வரை, இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

எங்கள் ஆட்களில் உயிர் பிரியும்போது, எரியும் மெழுகுதிரியை அப்பன் கையோடு சேர்த்து மூத்த மகன் பிடிக்க வேண்டும். தங்கை திரேசாதான் பிடித்தாள். “ரெண்டு பேரும் வந்தாச்சா, வந்தாச்சான்னு வாசலையே பாத்துட்டு கெடந்தாரு,” என்றாள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. “ஏலே, திருச்சின்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, நானாவது பக்கத்துல இருந்திருப்பேனே,” என்று மட்டும் சொன்னான். திட்டியிருக்கலாம்.

கேட்டவர்களுக்கு: அறையிலிருந்து வீடு வரை இருபத்தெட்டு மணி நேரம். கப்பலைவிடச் சீக்கிரம்தான். அவசரமென்றால் பிளேனிலேயே வாருங்கள். தந்தியில் எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்று எழுதுங்கள், வீட்டுக்கு வரும் நேரத்தை எழுதுங்கள். யாரும் அழைக்க வர வேண்டாம் என்றும் எழுதுங்கள். அப்பா பக்கத்தில் ஒரு மகனாவது இருக்கட்டும்.