எங்கள் தோட்டத்துக் காபி புளித்தது

எங்கள் பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, காபி எங்கே விளைகிறது என்று கேளுங்கள். கும்பகோணத்தில் என்பார்கள். சிரிக்காமல் சொல்வார்கள். கும்பகோணத்தில் நெல் விளையும், வெற்றிலை விளையும், வாழை விளையும். காபி நாற்றைக் கொண்டுபோய் அங்கே நட்டால் சித்திரை வெயில் வருவதற்கு முன்னாலேயே கருகிப்போகும். ஆனால் நெய்வேலியிலிருந்து சென்னைக்குக் காரில் போய்ப் பாருங்கள். பித்தளை டபராக்களை வாசலில் அடுக்கிவைத்து, அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி வைத்த கடைகளுக்குக் கணக்கே இல்லை. பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குக் காபி அந்த ஊரில்தான் காய்க்கிறது என்றே ஆகிவிட்டது.

டவுன்ஷிப்பில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். குவார்ட்டர்ஸில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையில் முறுக்கு இருக்கிறதோ இல்லையோ, காபிப்பொடி இருக்கும். எதிர்வீட்டு அம்மாவுக்கு மன்னார்குடிப் பொடி. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கோயம்புத்தூர்ப் பொடி. மாடிவீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலிப் பொடி. "எங்க ஊர்க் காபி மாதிரி வருமா?" என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்பார்கள். அந்த மூன்று ஊரிலும் ஒரு காபிச் செடி கிடையாது. எங்கோ விளைந்த கொட்டையை வாங்கிவந்து அங்கே வறுத்து அரைக்கிறார்கள், அவ்வளவுதான். அரைத்துக் கொடுத்த மில்லை வைத்துக் கோதுமைக்கு யாராவது ஊர் சொல்வார்களா?

இதே ஆட்கள் பலாப்பழம் வாங்கும்போது பார்க்க வேண்டும். காடாம்புலியூர்ப் பழமா, வேறு ஊரா என்று கேட்பார்கள். எந்தத் தோப்பு, மரத்துக்கு வயசு என்ன என்று விற்கிறவரைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் ஒரு சுளையை வாயில் போடுவார்கள். காபி என்று வந்துவிட்டால் மட்டும் மண்ணும் வேண்டாம், மரமும் வேண்டாம். டபரா பளபளவென்று இருந்தால் போதும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். நான் காபி விளைகிற மலையில் பிறந்தவள். வத்தலக்குண்டிலிருந்து ஏறினால், கொடைக்கானல் குளிர் வருவதற்கு முன்னால் ஒரு சரிவில் எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர் அராபிகா. நிழலுக்குச் சில்வர் ஓக், நடுநடுவே கமலா ஆரஞ்சு, ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அப்பா வைத்த தோட்டம். அவருக்குப் பிறகு தம்பி பார்க்கிறான். மைன்ஸில் ஷிப்ட் போகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இங்கே வந்தேன். வந்த நாளிலிருந்து இந்த ஜனங்களோடு காபிச் சண்டைதான்.

ஒருமுறை பொடிக்கடையில் எதிர்வீட்டு அம்மா, "சாதியிலேயே பீபெரிதான் ஒசத்தி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அது சாதி இல்லீங்க. காபிப் பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை முகம் பாத்துக்கிட்டு இருக்கும். சில பழத்துல ஒண்ணு மட்டும் தனியா உருண்டு நிக்கும். எல்லாச் செடியிலயும் அப்படிக் கொஞ்சம் வரும். அதைப் பொறுக்கித் தனியா வச்சா பீபெரி" என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "பீபெரி சாதியிலயே அரைக் கிலோ போடுங்க" என்றார்.

போன தை மாதம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, காப்பியை எடுத்துப்புடலாம்னு இருக்கேன்."

"எடுத்துட்டு?"

"பட்டர் ஃப்ரூட் வைக்கப்போறேன். தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்து பாதிச் செடி போச்சு. பழம் பறிக்க ஆள் கெடைக்கல. அப்படியே பறிச்சுக் காயவச்சு மண்டிக்குக் கொண்டுபோனா, கண்ட காப்பியோட சேத்துக் கட்டிப்புடுறான். நம்ம காப்பின்னு ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது. யாருக்காகக்கா வளக்குறது?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. "முதல் தரமா ஒரு மூட்டை அனுப்பு" என்றேன். "எங்க பிளாக்ல எத்தனை வீடு இருக்கு! நானே வித்துத் தர்றேன். வருஷா வருஷம் உன்கிட்டயே நேரா வாங்குற மாதிரி பண்றேன். அதுவரைக்கும் ஒரு செடி மேலயும் கை வைக்காதே."

"பங்குனி வரைக்கும்தான்க்கா. நாத்துக்குச் சொல்லியாச்சு."

மூட்டை வந்தது. பச்சைக் கொட்டை, லேசான நீலம் ஓடிய பச்சை. ஒரு பையில் அள்ளிக்கொண்டு மெயின் பஜார் பொடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். கருக விடாமல் இளம் வறுவலாக எடுக்கச் சொன்னேன். வறுத்து முடித்ததும் தகர டின்னைத் திறந்தார்.

"சிக்கரி எவ்ளோம்மா?"

"வேணாம்."

"கொஞ்சங்கூடவா?"

"ஒரு சிட்டிகை கூட வேணாம்."

"நானும் இத்தினி வருசமா கட வச்சிகினு இருக்கேன், யாரும் இப்பிடிக் கேட்டதில்லீங்க. வூட்ல யாருக்காச்சும் வயிறு சரியில்லீங்களா?"

சிக்கரி என்பது மரத்தில் காய்ப்பதில்லை. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் விளைகிற வேர். அதை வெட்டிக் காயவைத்து வறுத்து அரைத்தால் கறுப்பாக, கசப்பாக, கொழகொழவென்று இறங்கும். அதைக் கலந்து குடித்துவிட்டு "திக்கா இருக்கு" என்று நாக்கைச் சப்புக் கொட்டுகிறோம். இது இல்லாமல் கேட்டால் வயிற்று நோய்க்காரி என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிவீடு மூன்று பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாடிவீட்டு அக்கா மகளின் ஸ்கூல் அட்லஸையும் கடன் வாங்கி வைத்திருந்தேன். சும்மா குடிக்கக் கொடுக்கக் கூடாது, எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

எத்தியோப்பியாவில் ஆரம்பித்தேன். அங்கே மலைக்காட்டில் யாரும் நடாமல் தானாக முளைத்த செடி இது. ஆட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பழத்தைத் தின்று நாலு ஆடு துள்ளியதாம். அந்த மலை ஜனங்கள் அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள்? அங்கிருந்து கடல் தாண்டி ஏமன். ஏமன்காரர்கள் விதை வெளியே போகாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தபோது, ஒரு சூஃபிப் பெரியவர் சில விதைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் போட்டார் என்பார்கள். பிறகு டச்சுக்காரன் ஜாவாவுக்குக் கொண்டுபோனான். அதன் பிறகு பிரேசில், கொலம்பியா, கென்யா. அட்லஸில் பூமத்திய ரேகைக்கு மேலும் கீழும் விரலால் ஒரு பட்டை வரைந்து காட்டினேன். இதற்குள்தான் காபி, வெளியே கிடையாது. உயரத்தில், குளிரில், மெதுவாகப் பழுப்பது அராபிகா. தாழ்வான இடத்தில் வெயிலைத் தாங்கி மளமளவென்று காய்ப்பது ரோபஸ்டா. வியட்நாமில் அது மலை மலையாக விளைகிறது. நம் வயநாட்டிலும் அதுதான் அதிகம். தமிழ்நாட்டில் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, அப்புறம் எங்கள் மலை. அராபிகாவுக்குள்ளேயே எத்தனையோ ரகம். எங்கள் தோட்டத்தில் இருப்பது பழைய ரகம், பூச்சிக்குப் பயந்து பலர் கைவிட்டது. இவ்வளவும் சொன்னேன்.

"அக்கா, காப்பி எப்ப வரும்?" என்றார் மாடிவீட்டு அக்கா.

கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று பேரும் ஒரு வாய் குடித்தார்கள். மூன்று முகமும் ஒரே மாதிரி சுருங்கியது. யாரும் என் காபியைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏனுங்க, பால் கெட்டுப் போச்சுங்களா?" என்றார் கோயம்புத்தூர் அம்மா, மெதுவாக.

"வெயில் ஆரம்பிச்சாச்சு, பால் சட்டுனு திரிஞ்சுடும். நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்று மன்னார்குடி அம்மா என்னைத் தேற்றினார்.

பால் காலையில் வந்த பால். நன்றாகக் காய்ச்சின பால். சொன்னால் யார் கேட்கிறார்கள்? மாடிவீட்டு அக்கா ஓடிப்போய்த் தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்தார். அதில் கலந்தேன். அதுவும் புளிக்கிறது என்றார்கள். "அப்ப ஃபில்டர்ல தோசை மாவு பட்டிருக்கும்க்கா" என்று அவரே என் ஃபில்டரைப் பிரித்து, விம் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசினார். மன்னார்குடி அம்மா சும்மா இருப்பாரா? ஒரு டப்பாவில் தன் பொடியைக் கொண்டுவந்து அதில் போட்டு இறக்கினார். என் வீட்டில், என் ஃபில்டரில், சிக்கரிக் கிழங்கு கலந்த பொடி கறுகறுவென்று இறங்கியது. எல்லோரும் குடித்து, "இப்பத்தான் காபி" என்றார்கள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உன் தம்பி காபி பிரமாதம்!" என்றார்.

அடக்க மாட்டாமல் எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குள் போய்விட்டேன்.

எல்லோரும் போன பிறகு பாத்திரத்தில் என் டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தது. இவர்களுக்கு நாக்கே கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு டம்ளர் கலந்து குடித்தேன். புளித்தது.

பாலில் குற்றமில்லை, ஃபில்டரிலும் குற்றமில்லை. காபிதான் அப்படி. இந்தப் புளிப்பை என் வாய் அதற்கு முன்னால் கண்டதே இல்லை. அது எப்படி என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் நாங்கள் இந்தக் காபியைக் குடித்ததே கிடையாது.

பறித்த பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டுவோம். கனமானது அடியில் தங்கும், சொத்தை மேலே மிதக்கும். அடியில் தங்கியது தோல் உரித்து, வழவழப்புப் போகக் கழுவி, காயவைத்து, மூட்டை கட்டி மண்டிக்குப் போகும். மிதந்தது எங்களுக்கு. உடைந்தது, பூச்சி அரித்தது, செடிக்கடியில் உதிர்ந்து மண்ணோடு கிடந்தது எங்களுக்கு. அம்மா அதை இரும்புச் சட்டியில் கரியாக வறுத்து இடிப்பாள். கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்போம். "எங்கள் தோட்டத்துக் காபி" என்று நான் இத்தனை வருஷம் ஊரெல்லாம் சண்டை போட்டது அந்தச் சொத்தைக் கொட்டையின் ருசியை வாயில் வைத்துக்கொண்டுதான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இதுல கோவப்பட என்ன இருக்கு? நாங்க வெட்டுற கரியும்தான் கரண்டா எங்கெங்கேயோ போகுது. நான் கோவப்படுறேனா?" என்றார்.

"அந்தக் கரண்ட்ல நம்ம வீட்லயும் லைட் எரியுதுல்ல?" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏமனில் கொட்டையை விற்றுவிட்டு, காய்ந்த பழத் தோலைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு என்று எப்போதோ படித்திருந்தேன். படித்தபோது விநோதமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கதையும் அதுதான் என்று தோன்றவே இல்லை. எந்த மலையில் விளைந்தால் என்ன, அடியில் தங்குகிறதெல்லாம் கப்பலுக்கு, மிதக்கிறதெல்லாம் வளர்த்தவனுக்கு. இதை யார் வகுத்தது? இவ்வளவு வருஷம் நான் யார் மேல் கோபப்பட்டிருக்க வேண்டும், யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்! பாவம், மன்னார்குடி அம்மா.

தம்பிக்குப் போன் செய்து, விற்கவில்லை என்று முதலில் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. "முதல் தரக் கொட்டையில நீ என்னைக்காவது காபி போட்டுக் குடிச்சிருக்கியாடா?" என்றேன்.

சிரித்தான். "நான் குடிக்கிறதே வத்தலக்குண்டுக் கடைப் பொடிதான்க்கா."

"மிச்சம் இருக்குதா?"

"ரெண்டு மூட்டை கெடக்கு. மண்டிக்குப் போடணும்."

"இன்னைக்கு ஒரு கை அள்ளி வறுத்துக் குடி. பால் ஊத்தாதே. குடிச்சிட்டு எனக்குச் சொல்லு."

மறுநாள் காலை அவனே கூப்பிட்டான்.

"மொத வாய் புளிச்சுச்சுக்கா. கீழ ஊத்திரலாம்னு பாத்தேன். அப்பறம் கொஞ்சம் ஆறவிட்டுக் குடிச்சேன். கமலா ஆரஞ்சை உரிச்சா ஒரு வாசம் வருமே, அது வருதுக்கா. பொறவு இன்னொரு டம்ளர் போட்டேன். நல்லாருக்குக்கா. அப்பாவுக்கு இது தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன். ஒவ்வொரு செடிக்கும் தன் கையால் கவாத்து செய்தவர். அட்டை கடித்து ரத்தம் வழிந்த காலோடு மழையில் நின்று பழம் பறித்தவர். சாகிற அன்று காலையிலும் சொத்தைக் காபிதான் குடித்தார்.

"அக்கா, பங்குனி பொறந்துருச்சுல்ல, காப்பியை வெட்ட ஆளுங்க வந்துட்டாங்க. வாசல்ல நிக்கிறாங்க" என்றான் தம்பி. "என்ன சொல்லட்டும்?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. பூச்சி விழுந்த தோட்டத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? விற்றுத் தருகிறேன் என்று சொன்னவள் நான், ஒரு கிலோகூட விற்கவில்லை.

"வெட்டச் சொல்லு" என்றேன். "ஆனா அந்த ரெண்டு மூட்டையில ஒரு கொட்டை கூட மண்டிக்குப் போகக் கூடாது. ஒரு மூட்டை உனக்கு, ஒரு மூட்டை எனக்கு. நாமளே குடிச்சுத் தீர்க்கணும்."

"சரிக்கா" என்றான். வாசலில் யாரோ மரம் அறுக்கிற மிஷினைக் கிளப்பிப் பார்க்கிற சத்தம் போனில் கேட்டது.